பிடித்தொழுகும் நெறியும் பிடிக்கும் பேயும்

சென்னை பூங்கா நகரில், ராசப்ப செட்டி தெருவில் இருக்கிறது கந்தகோட்டம். ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவில் வளர்ந்த இராமலிங்க அடிகள் இளமையில் அந்தக் கோயிலுக்கு நடந்து வந்து பாடிய தெய்வமணிமாலையில், ‘ஒருமையுடன் நினது திருமலரடி நினைக்கின்ற உத்தமர்தம் உறவு வேண்டும்’ என்று தொடங்கும் பாட்டு தமிழ் படித்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது. தொடக்க வரியை எல்லோரும் சொல்வோம். சற்றுப் பின்னால் உள்ள வேண்டுதலுக்கு வரும்போது பலர் நிற்காமல் கடந்துவிடுகிறோம்: ‘பெருநெறி பிடித்தொழுக வேண்டும், மதமான பேய் பிடியாதிருக்க வேண்டும்.’

மதம் என்ற சொல்லுக்குத் தமிழில் சமயம், செருக்கு, யானைக்குப் பிடிக்கும் வெறி ஆகிய பொருள்கள் எல்லாம் உண்டு. இங்கே எந்தப் பொருள் என்று உரைகாரர்கள் வேறுபடலாம். ஆனால் ‘பிடி’ என்ற வினையைப் பாடல் இருமுறை ஆளும் விதத்தில் ஐயத்துக்கு இடமில்லை. முதலில் மனிதன் நெறியைப் பிடிக்கிறான்; அடுத்ததில் பேய் மனிதனைப் பிடிக்கிறது. ஒருமையும் பக்தியும் நிறைந்த, ‘சைவமணி’ என்று முருகனை விளிக்கும் அதே பாட்டில்தான் இந்த எச்சரிக்கையும் வருகிறது. தன் தெய்வத்தின் மீதான பிடிப்பைத் தளர்த்திக்கொண்டால் மதவெறி குறையும் என்று அடிகள் கேட்கவில்லை. பிடிப்பும் வேண்டும், பேய் பிடியாமலும் இருக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்கிறார்.

ஒருவர் தம் சமயத்தை முழு மனத்தோடு நம்பிக்கொண்டே பிற சமயத்தாரின் நம்பிக்கைக்குச் செவிகொடுக்க முடியுமா என்ற கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. நம்பிக்கை ஆழமாக இருந்தால் மனம் குறுகிவிடும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. மனத்தைத் திறந்து வைத்தால் நம்பிக்கை கரைந்துவிடும் என்று மறுதரப்பு அஞ்சுகிறது. இரண்டு தரப்பும் நம்பிக்கையையும் திறந்த மனத்தையும் ஒரு தராசின் இரு தட்டுகளாக வைத்துப் பார்க்கின்றன. அந்தத் தராசே பொருத்தமற்றது என்பதற்கு, இந்த நகரின் வரலாற்றிலும் தமிழ்ப் பக்தி நூல்களிலும் போதிய சான்றுகள் இருக்கின்றன.

பாதி மட்டும் மேற்கோள் காட்டப்படும் பாட்டு

பிற சமயங்களைப் பற்றி ஒரு நம்பிக்கையாளர் எடுக்கக்கூடிய நிலைகளை அறிஞர்கள் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள். என் நெறியே மெய், மற்றவை பிழை என்பது விலக்கும் நிலை. என் நெறியில் மெய் முழுமையாக இருக்கிறது, மற்றவற்றில் அதன் பகுதிகள் இருக்கின்றன என்பது உள்ளடக்கும் நிலை. எல்லா நெறிகளும் ஒரே இலக்குக்குச் செல்லும் சம வழிகள் என்பது பன்மை நிலை. இவற்றில் முதலாவது குறுகியது, மூன்றாவது பரந்தது என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். தமிழ் நூல்களைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் அந்த முடிவு நிற்பதில்லை.

சமய நல்லிணக்க மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் ஒரு வரி, ‘யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வம் ஆகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்’ என்பது. நீங்கள் எந்தத் தெய்வத்தை வழிபட்டாலும் அந்த வடிவில் சிவபெருமானே வந்து அருள்வார் என்பது பொருள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில் இது வருகிறது. மேடையில் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். பாட்டோ நிற்காமல், மற்றத் தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், வினையும் செய்யும், ஆதலால் இவையெல்லாம் இல்லாதவனாகிய சிவனே அறிந்து அருள்செய்வான் என்று மேலே செல்கிறது. இதே நூலின் பரபக்கம் என்ற பகுதி முழுவதும் உலகாயதர், பௌத்தர், சமணர், மாயாவாதிகள் முதலிய பிற கொள்கையினரின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறி மறுப்பதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

பாதியை மறைத்து மேற்கோள் காட்டுவது அருணந்தியாருக்கு நாம் செய்யும் நியாயம் ஆகாது. அவர் எல்லாச் சமயமும் சமம் என்று சொன்னவர் அல்லர். சைவ சித்தாந்தமே முடிந்த முடிவு என்று உறுதியாக நம்பியவர். ஆனால் அந்த உறுதியே அவரை இரண்டு வேலைகளைச் செய்ய வைத்தது. முதலாவது, மறுக்க வேண்டியவரின் வாதத்தை அவருடைய சொற்களிலேயே முதலில் எடுத்துரைத்துவிட்டு, பிறகு தம் மறுப்பைச் சொன்னார். இது பழைய தருக்க மரபின் ஒழுங்கு. எதிராளி சொல்வதைச் சரியாக அறியாமல் பரபக்கத்தில் ஒரு செய்யுளைக்கூட எழுதியிருக்க முடியாது. இரண்டாவது, மாற்றுத் தெய்வத்தை வணங்குபவனின் வழிபாடு வீணாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. தம் இறைவன் அவனிடமும் செல்வான் என்றார். பிறருடைய கொள்கையை மறுத்துக்கொண்டே அவருடைய வழிபாட்டை மதிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வைணவத்திலும் இப்படித்தான். ‘அவரவர் தமதமது அறிவறி வகைவகை அவரவர் இறையவர் எனவடி அடைவர்கள்’ என்று பாடிய நம்மாழ்வார், அவரவர் தத்தம் இறைவரை விதிவழி அடையும்படி நின்றவன் திருமாலே என்று முடிக்கிறார். மயிலாப்பூரில் அவதரித்தவராகக் கொண்டாடப்படும் பேயாழ்வார், திருமலையில் நின்ற பெருமானிடம் தாழ்சடையையும் நீள்முடியையும், மழுவையும் சக்கரத்தையும் ஒருங்கே கண்டு, ‘இரண்டுருவும் ஒன்றாய் இசைந்து’ என்று பாடினார். சிவனைப் பெருமாளில் கண்ட கண் அது. ஒரு சைவர் இந்தப் பாட்டைக் கேட்டு, ‘எங்கள் பெருமானை நீங்கள் உங்களவருக்குள் அடக்கிவிட்டீர்கள்’ என்று வருந்தவும் இடம் உண்டு. உள்ளடக்கும் நிலையில் எப்போதும் இந்தச் சிக்கல் இருக்கிறது: அணைக்கும் கை பெரியதாக இருக்கலாம், அணைக்கப்படுபவர் தம் முகத்தை இழந்துவிடக்கூடாது.

பன்மை நிலைக்கும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ‘வேறுபடும் சமயமெல்லாம் புகுந்து பார்க்கின்’ அவை நதிகள் கடலில் சேர்வதுபோல மோனத்தில் சேர்கின்றன என்றார் தாயுமானவர். அந்த வரியில் என்னை நிறுத்துவது ‘புகுந்து பார்க்கின்’ என்ற சொல். புகாமலேயே, ஒரு சமயத்தின் ஒரு பக்கத்தையும் படிக்காமலேயே, ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்லிவிடுவது இன்று பண்பாகக் கருதப்படுகிறது. எல்லாம் ஒன்றுதான் என்று முன்பே தீர்மானித்துவிட்டவருக்கு, அண்டை வீட்டு முஸ்லிம் ஏன் இறைவனுக்கு இணைவைப்பதை அத்தனை கடுமையாக மறுக்கிறார் என்றோ, கிறிஸ்தவர் ஏன் சிலுவை மரணத்தை மீட்பு என்கிறார் என்றோ, சமணர் ஏன் உலகைப் படைத்த கடவுளே இல்லை என்கிறார் என்றோ கேட்கும் தேவையே எழுவதில்லை. அந்தச் சம்மதத்தில் மரியாதை இருக்கலாம், கவனம் இல்லை.

தாம்பரத்தில் நடந்த விவாதம்

இந்தக் கேள்வி உலக அளவில் மிகக் கூர்மையாக விவாதிக்கப்பட்ட இடங்களில் தாம்பரமும் ஒன்று என்பது சென்னையில் பலருக்குத் தெரியாது. ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு அந்த வளாகத்தில் கூடியது. அதற்காகவே ஒரு நூலை எழுதி வந்த டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர், கிறிஸ்துவில் கடவுள் தம்மை வெளிப்படுத்தியதற்கும் மனிதர்களின் சமயங்களுக்கும் இடையில் தொடர்ச்சி இல்லை என்று வாதிட்டார். பிற சமயங்களில் எவ்வளவு உயர்ந்த சிந்தனை இருந்தாலும் அவை அந்த வெளிப்பாட்டுக்கு ஏறிவரும் படிகள் ஆகா என்பது அவர் முடிவு.

அவரை மறுத்தவர்களில் முக்கியமானவர், அதே கல்லூரியில் பல ஆண்டுகள் தத்துவப் பேராசிரியராகவும் பிறகு முதல்வராகவும் இருந்த ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். அவரும் மிஷனரிதான், கிறிஸ்துவே மீட்பர் என்பதில் அவருக்கு ஐயம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் இந்து மாணவர்களோடும் நண்பர்களோடும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழகியவர். கொள்கைகள் வேறு, நம்பிக்கை வேறு என்று அவர் பிரித்தார். கொள்கைகள் சமயத்துக்குச் சமயம் மாறும். நம்பிக்கை என்பது ஒரு மனிதன் கடவுளோடு கொண்டிருக்கும் உயிருள்ள உறவு. இந்துக் கொள்கைகளைக் கொண்டவர்களாக இருந்தும் கடவுளுக்குள் மறைந்த வாழ்வை அறியாதவர்கள் என்று சொல்ல முடியாத சிலரைத் தாம் நேரில் அறிந்திருப்பதாக அவர் அந்த மாநாட்டுக்காக எழுதினார். அவர்களுடைய தேடல், கண்டடையாத வெறும் தேடல் அன்று என்பது அவர் கருத்து.

கிரேமரின் வாதம் நூல்களைக் கற்றதில் இருந்து வந்தது. அவர் பெரிய அறிஞர், ஜாவாவில் பணியாற்றியவரும்கூட. ஹாக்கின் மறுப்பு முகங்களில் இருந்து வந்தது. நான் இரண்டையும் படித்தபோது எனக்குத் தோன்றியது, ஹாக் தம் கொள்கையில் ஒரு எழுத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான். தம் கண் முன்னால் இருந்த மனிதர்களைப் பற்றிப் பொய் சொல்ல அவர் மறுத்தார், அவ்வளவே. கொள்கையில் இடம் இல்லை என்பதற்காக, கண்ட நன்மையைக் காணவில்லை என்று சொல்லாதிருப்பது திறந்த மனத்தின் முதல் இலக்கணம் என்று நினைக்கிறேன்.

அதே 1938இல், சென்னையில் இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் சிலர் சேர்ந்து கிரேமருக்குப் பதிலாக ஒரு கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் பங்கேற்ற பி. செஞ்சையாவும் வி. சக்கரைச் செட்டியாரும் இந்துக் குடும்பங்களில் பிறந்து கிறிஸ்தவத்தைத் தழுவியவர்கள். சக்கரைச் செட்டியார் சென்னை மேயராகவும் நாடறிந்த தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்தவர். மதம் மாறியவர் பழைய மதத்தைப் பழிக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இவர்களோ தாங்கள் பிறந்த மரபு கிறிஸ்துவை அறிவதற்குத் தங்களுக்குத் துணைநின்றது என்றே எழுதினார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் அந்தக் கல்லூரியில் நடந்திருக்கிறது. எஸ். இராதாகிருஷ்ணன் அங்கே ஹாக்கிடம் படித்த மாணவர். மிஷனரி ஆசிரியர்கள் இந்து சமயத்தின் மீது வைத்த விமர்சனங்கள் தம் பற்றைக் காயப்படுத்தின என்றும், அந்தக் காயமே இந்து சமயத்தில் உயிருள்ளது எது, உயிரற்றது எது என்று ஆராயத் தம்மைத் தூண்டியது என்றும் அவர் பிற்காலத்தில் குறிப்பிட்டார். 1908இல் எம்.ஏ. பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வேடு வேதாந்தத்தின் அறநெறி பற்றியது. தம் முடிவுகளை மறுத்து மாணவன் எழுதிய அந்த ஆய்வேட்டை ஹாக் பாராட்டிச் சான்றும் தந்தார். ஆசிரியரும் மாணவரும் தத்தம் நம்பிக்கையிலேயே இருந்தார்கள். ஒருவரால் மற்றவர் கூர்மை பெற்றார்.

நகரத்தின் வழக்கங்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்ட மக்களில் ஏறத்தாழ 81 விழுக்காட்டினர் இந்துக்கள், 9 விழுக்காட்டினருக்குச் சற்று மேல் முஸ்லிம்கள், 8 விழுக்காட்டினருக்குச் சற்றுக் குறைவாகக் கிறிஸ்தவர்கள், 1 விழுக்காட்டினர் சமணர்கள். எண்கள் இப்படி இருக்க, வழிபாட்டு இடங்களுக்கு வருவோர் இந்தக் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. அரண்மனைக்காரத் தெருவில் உள்ள அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுவர்த்தி ஏற்ற வரிசையில் நிற்பவர்களில் கணிசமானோர் நெற்றியில் குங்குமம் இட்டவர்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டி, காவி உடுத்தி வெறுங்காலோடு பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு நடப்பவர்களில் இந்துக்கள் ஏராளம். அண்ணா சாலை தர்காவில், காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மந்திரித்துக்கொள்ள வரும் தாயிடம் மதம் கேட்பதில்லை. இது புதிய வழக்கமும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, புனித தோமாவின் கல்லறைக்குக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வருவதையும், அங்கிருந்து மண் எடுத்துச் சென்று நோயாளிகளுக்குக் கொடுப்பதையும் குறித்திருக்கிறார்.

திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் எனப்படும் வாலாஜா மசூதி 1795இல் கட்டப்பட்டது. அதன் தொழுகைத் திசை காட்டும் மாடத்தின் மேல், கட்டிய ஆண்டைக் குறிக்கும்படி பொறிக்கப்பட்டுள்ள பாரசீக வரிகளை எழுதியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து அறிஞர். ஆற்காடு நவாபின் அரசவையில் பாரசீகப் புலமைக்கு மதம் தடையாக இருக்கவில்லை. இன்று அதே பள்ளிவாசலில் ரமலான் மாதம் முழுவதும் நோன்பு திறக்க வருபவர்களுக்கு உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுபவர்களில், மயிலாப்பூர் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள சூஃபிதார் அறக்கட்டளையினர் இருக்கிறார்கள். பிரிவினையில் சிந்து மாகாணத்தை விட்டு வந்த இந்துக்கள் தொடங்கிய அமைப்பு அது. பிறந்த மண்ணை இழந்து வந்தவர்கள், தங்கள் சூஃபி குருமார் கற்பித்த சேவையைப் பல பத்தாண்டுகளாக இங்கே தொடர்கிறார்கள். பிரிவினையின் துயரம் வேறு பலரிடம் என்னவாகத் திரிந்தது என்று நினைக்கும்போது, அந்தத் தட்டுகளை ஏந்தி நிற்பவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது.

அடையாற்றில் 1882இல் தலைமையகத்தை நிறுவிய பிரம்மஞான சபை, தன் தோட்டத்தில் பல சமயங்களுக்கும் தனித்தனி வழிபாட்டிடங்களை அமைத்தது. அது திட்டமிட்ட ஒற்றுமை. அதற்கு அதன் இடம் உண்டு. என்றாலும், வடசென்னையில் யாரும் திட்டமிடாமல் நடந்ததே என்னை அதிகம் ஈர்க்கிறது. தொண்டியிலிருந்து வந்து, பிற்காலத்தில் தண்டையார்பேட்டை என்றான பகுதியில் தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு 1838இல் மறைந்தார், இராயபுரத்தில் அடக்கமானார். தொண்டியார் இருந்த பேட்டை என்பதே அவ்வூர்ப் பெயரின் மூலம் என்று சொல்லும் வழக்கு உண்டு. தாயுமானவர் கையாண்ட கண்ணி வடிவத்தில் பராபரக்கண்ணி பாடியவர் அவர். சித்தர்களின் குறியீடுகளில் ஏக இறைவனை அழைத்தவர். அவர் மீது நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் என்ற சைவப் புலவர். மஸ்தான் சாகிபு முஸ்லிமாக இருப்பதில் குறைவில்லாமல் இருந்தார். ஐயரும் தம் சைவத்தை விடவில்லை. ஒருவர் அனுபவத்தின் முன் மற்றவர் தலைவணங்க, ஒரே தமிழும் ஒரே யாப்பும் போதுமாயிருந்தன.

வழக்கத்தின் எல்லை

இந்த வழக்கங்களைப் பெருமையோடு சொல்லும் நான், இவை எங்கே நின்றுவிடுகின்றன என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் பாட்டி செவ்வாய்தோறும் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றியவர். கிறிஸ்தவர்கள் எதை நம்புகிறார்கள் என்று கேட்டிருந்தால் அவரால் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க முடியாது. அவர் வேண்டுதல் உண்மையானது, நன்றியும் உண்மையானது. ஆனாலும் ஒரு புனிதரிடம் வரம் கேட்பதும் அந்தப் புனிதரின் சமயத்தாரைக் கேட்பதும் ஒன்றாகிவிடா. முன்னதற்கு நம் தேவை போதும். பின்னதற்கு அவர்கள் மீது அக்கறை வேண்டும்.

அந்த அக்கறை இல்லாத இடம் வாடகை வீட்டு வாசலில் தெரிகிறது. மாதா கோயிலுக்கு நடந்து போகிற வீட்டுக்காரரே, தம் மாடிப் பகுதியைக் கேட்டு வரும் முஸ்லிம் குடும்பத்திடம் ‘ஆள் வந்துவிட்டது’ என்று சொல்லி அனுப்புவது இந்த நகரில் அரிய காட்சி இல்லை. சைவ உணவு உண்பவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனை சில நேரம் உணவைப் பற்றியதாகவும், சில நேரம் மதத்தையும் சாதியையும் மறைத்துக் கேட்கும் வழியாகவும் இருக்கிறது. வாடகைக்கு வீடு கிடைக்காத முஸ்லிம் நண்பர் ஒருவருக்காக நான் பேசப் போனபோது, வீட்டுக்காரர் எனக்குக் காப்பி கொடுத்து, எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்று அரை மணி நேரம் பேசினார். வீட்டை மட்டும் கொடுக்கவில்லை. ‘உள்ளொன்று வைத்துப் புறம்பொன்று பேசுவார் உறவு கலவாமை வேண்டும்’ என்பதும் அந்தக் கந்தகோட்டத்துப் பாட்டிலேயே உள்ள வேண்டுதல்.

இதற்கு நேர் எதிராக, வெளியில் இறுக்கமாகத் தோன்றும் ஒரு நடத்தை, பிறரை மதிப்பதாகவே இருக்கக்கூடும். கோயில் பிரசாதத்தை ஒரு முஸ்லிமோ சில கிறிஸ்தவச் சபைகளைச் சேர்ந்தவரோ ஏற்காதபோது பலர் மனம் வருந்துகிறார்கள். படைக்கப்பட்டதை உண்பது அவர்கள் சமயத்தில் வழிபாட்டில் பங்கேற்பதாகும், ஆகவே மறுக்கிறார்கள். அந்த மறுப்பில் நம் தெய்வத்தின் மீது இகழ்ச்சி எதுவும் இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், பிரசாதம் வெறும் தின்பண்டம் அன்று, அது வழிபாட்டின் பகுதி என்று நாம் நம்புவதை அவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்வதால்தான் மறுக்கிறார்கள். உங்களுக்கு உங்கள் மார்க்கம், எனக்கு என் மார்க்கம் என்று திருக்குர்ஆனின் 109ஆம் அத்தியாயம் முடிகிறது. அதை ஒதுங்கல் என்று படிப்பவர்கள் உண்டு. எல்லையை மதித்தல் என்றும் படிக்கலாம்.

உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்த பிஜோ இம்மானுவேல் வழக்கு இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று கேரளப் பிள்ளைகள், பள்ளியில் தேசிய கீதம் ஒலித்தபோது மரியாதையோடு எழுந்து நின்றார்கள். தங்கள் நம்பிக்கை இடம்தராததால் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நம் மரபும் தத்துவமும் சகிப்பைக் கற்பிப்பதையும், அரசியல் சட்டம் அதை நடைமுறைப்படுத்துவதையும் நீர்த்துப்போக விடவேண்டாம் என்று அந்தத் தீர்ப்பு கேட்டுக்கொண்டது. எழுந்து நின்றதும் பாடாமல் இருந்ததும் ஒரே மனசாட்சியிலிருந்து வந்தவை என்பதை நீதிமன்றம் கண்டுகொண்டது.

மதமாற்றம் இந்த விவாதத்தின் கடினமான பகுதி. பிறருக்குச் செவிகொடுப்பது உண்மையாக இருந்தால், அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளும் சாத்தியமும் அதில் அடங்கியிருக்க வேண்டும். ஏற்க மறுக்கும் உரிமையும் அதே அளவு இருக்க வேண்டும். அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில், சமயத்தைப் ‘பரப்பும்’ உரிமை சட்டத்தில் இடம்பெற வேண்டுமா என்ற விவாதம் வந்தபோது, சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தாம் 14 ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்ததாகவும், தம்மை மதம் மாற்ற எந்த முயற்சியும் நடக்கவில்லை என்றும், கிறிஸ்தவம் நம் இலட்சியங்களில் ஏற்படுத்திய நல்ல தாக்கத்தைத் தாம் அறிந்திருப்பதாகவும் கூறி, அந்தச் சொல்லை ஆதரித்தார். அது 25ஆம் பிரிவில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டதும், 2004இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டதும் நாம் அறிந்தவை. சட்டம் வற்புறுத்தலைத் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். ஒருவர் மனம் எதனால் மாறியது என்பதை அளக்க அதனிடம் கோல் இல்லை.

கடவுளே இல்லை என்பவரிடமும் நம்பிக்கையாளர் செவிகொடுக்க வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு மறக்க முடியாது. பெரியாரும் சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளாரும் ஒருவர் கருத்தை ஒருவர் வெளிப்படையாக மறுத்தபடியே நட்போடு இருந்தார்கள். கோயிலுக்குள் யார் வரலாம், யார் பூசை செய்யலாம் என்பது பற்றிப் பக்தர்கள் தங்களையே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை, பக்தி இல்லாதவர்கள் கேட்டதால் கோயில்கள் இழந்தது எதுவும் இல்லை.

மீண்டும் இராமலிங்க அடிகளிடம் வருகிறேன். கந்தகோட்டத்தில் ‘சைவமணி’ என்று பாடிய இளைஞர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1858 வாக்கில் சென்னையை விட்டுச் சென்றார். 1865இல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். 1867இல் வடலூரில் சாதி, மதம் கேளாமல் பசித்தவர்க்குச் சோறிடும் தருமசாலையை நிறுவினார். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் நிகழ்த்திய பேருபதேசத்தில், தமக்கு முன்பு சைவ சமயத்தின் மீது இருந்த பற்று இவ்வளவு அவ்வளவு என்று அளவிட முடியாதது என்றும், இப்போது அந்தப் பற்று தம்மை விட்டுப் போய்விட்டது என்றும் அடியார்கள் முன் கூறினார். சைவ அன்பர்கள் பலருக்கு அந்தச் சொற்கள் இன்றும் சங்கடம் தருபவை. அவர்கள் அவரைத் தங்கள் அருளாளராகவே போற்றுகிறார்கள், சன்மார்க்கிகள் அவரைச் சமயம் கடந்தவராகப் போற்றுகிறார்கள். இருவர் வாதத்துக்கும் அவர் பாடல்களில் இடம் இருக்கிறது. அந்த உரையில், ஏற முடியாத நிலைக்குத் தம்மை ஏற்றிவிட்டது எது என்று அவரே கேட்டுக்கொண்டு, தயவு என்று பதில் சொல்கிறார். அந்தத் தயவு வருவதற்கு முதலில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல அவர் தேர்ந்தெடுத்த சொல், இளமையில் கந்தகோட்டத்துப் பாட்டைத் தொடங்கிய அதே சொல்: ஒருமை.